ஷூ பெட்டியில் குருகு

1988இல் நற்றிணையை எடுத்துக்கொண்டு முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியபோது என் கருவி ஒரு கத்தரிக்கோல். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதைச் சீட்டுச் சீட்டாக நறுக்கி வைத்துக்கொள்வேன். மேலே தலைச்சொல், ஓரத்தில் பாட்டு எண்ணும் அடி எண்ணும், கீழே பொருள். 'குருகு' வரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சீட்டு. பறவைகளுக்கு மட்டும் மூன்று ஷூ பெட்டிகள் நிறைந்தன. அகர வரிசையில் அடுக்க அம்மா கூடவே உட்காருவார். சீட்டு பறந்துவிடும் என்று சித்திரை வெயிலிலும் மின்விசிறி போட மாட்டோம்.

1996இல் அத்தனையையும் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வாங்கினேன். மூன்று ஃபிளாப்பிகள், ஒவ்வொன்றும் 1.44 எம்பி. "சார், இனிமே இந்தச் சீட்டையெல்லாம் பழைய பேப்பர் கடையில போட்டுடலாம்" என்றார் அங்கிருந்தவர். அம்மாவுக்கு மனம் வரவில்லை. துணியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்.

பிறகு வந்த மாற்றங்களை நன்றியோடுதான் நினைக்கிறேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் சங்க நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். பிரவுசிங் சென்டர் ஒன்றில் முதன்முதலாக அந்தப் பக்கத்தைத் திறந்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2011இல் அரசு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பின், பேருந்துப் பயணத்துக்கே கணக்குப் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகளும் அந்த நூல்களைத் தங்கள் மடியில் வைத்துப் படித்தார்கள்.

போன மாதம் ஒரு மாணவி வந்தாள். "ஐயா, 'மா' எத்தனை இடத்துல வருதுன்னு எடுத்துட்டேன்" என்று கைபேசியை நீட்டினாள். எண்ணிக்கை மலைக்க வைத்தது. "எந்த மாம்மா? மரமா, விலங்கா, குதிரையா, பெரிய என்கிற பொருளா?" என்று கேட்டேன். பெருமாளில் இருக்கும் மாவைக்கூட அந்தத் தேடல் விடாமல் அள்ளிவிடும். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மாலை ஆகிவிட்டது. எனக்கு ஒரு வருடம் பிடித்த வேலை அது. கணினி தேடும் உழைப்பைக் குறைத்திருக்கிறது. படிக்கும் உழைப்பு அப்படியே இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

அவளுக்குக் காட்டலாம் என்று ஃபிளாப்பிகளை எடுத்தேன். யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றைத் தேடி வாங்கினேன். இரண்டு ஃபிளாப்பிகள் படிக்கவே இல்லை. மூன்றாவதில் கோப்பு திறந்தது. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகக் கிறுக்கல். அந்தக் காலத்தில் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தங்களுக்கு வசதிப்பட்டபடி தமிழை வைத்தார்கள். ஒருவரின் 'க' இருக்கும் இடத்தில் இன்னொருவர் 'ந' வைத்திருப்பார். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்தே இல்லை. 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் தமிழ்நாட்டு அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010இல்தான். இடையில் அடித்தவை எத்தனை ஆய்வேடுகள், எத்தனை சிற்றிதழ்கள்! என் எழுத்துருவின் பெயர் எனக்கு நினைவில்லை. அந்த டிடிபி சென்டர் இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள்.

பரணில் ஏறினேன். ராமபாணப் பூச்சி ஓரங்களைத் தின்றிருந்தது. உள்ளே ஒரு சொல்லும் போகவில்லை. அம்மாவின் கையெழுத்தில் 'குருகு' அப்படியே இருந்தது. மாணவி இப்போது ஒவ்வொரு சீட்டையும் படம் பிடித்து யூனிகோடில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

நற்றிணையில் 234ஆம் பாட்டு கிடைக்கவில்லை. 385இன் பின்பகுதியும் இல்லை. ஏட்டில் போனதற்கு நாம் என்ன செய்ய முடியும்? ஆனால் தொண்ணூறுகளில் தமிழில் எதையாவது அடித்து வைத்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அந்த ஃபிளாப்பியை, சிடியை இந்த வாரமே வெளியே எடுங்கள். பழைய எழுத்துருக்கள் பலவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதில் ஒரு பிரதியைத் தாளிலும் அச்செடுத்து வையுங்கள். அடித்தவருக்கு எழுத்துருவின் பெயர் நினைவிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.