ஒரு 'த்'தும் ஒரு கிழமையும்

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அழைப்பிதழின் புரூஃப் என் கைக்கு வந்துதான் அச்சுக்குப் போகும். எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நானும் இருந்துவிட்டேன்.

அத்தை மகள் கல்யாண அழைப்பிதழில் 'வருகைத் தந்து' என்று இருந்தது. அங்கே 'த்' வரக் கூடாது. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது என்று அச்சகத்துக்காரருக்குப் போனிலேயே பாடம் எடுத்தேன். "எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க" என்றார். எல்லாரும் செய்தால் சரியாகிவிடுமா என்று பொங்கினேன். 'த்' ஒழிந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கட்டுக் கட்டாக அச்சாகி வந்தபின் அத்தைதான் பார்த்தார். முகூர்த்தத் தேதி சரி, கிழமை தப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குத் திங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒவ்வொரு புரூஃபிலும் அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இது பழைய வியாதி. தெரிந்த விஷயத்தைக் கண் படிப்பதில்லை, மனசே படித்துவிடும். அதனால்தான் தலைப்பில் இருக்கும் பிழை கடைசிவரை தப்பிப் பிழைக்கிறது.

'ஞாயிறு' என்று ஸ்டிக்கர் அடித்து வீடே உட்கார்ந்து ஒட்டியது. நான் ஒட்டியதைப் பிரித்துப் பிரித்து நேராக்கிக்கொண்டிருந்தேன். "டேய், நீ நேரா ஒட்டி முடிக்கிறதுக்குள்ள அவளுக்குப் புள்ளையே பொறந்துடும்" என்று அத்தை ஸ்டிக்கர் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலரையும் இந்தக் கையை நம்பித்தான் கொடுத்தார்கள். ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்று சபதம் செய்தேன். ஓர் இடத்தில் திருத்தினால் வரி நகர்ந்து இன்னோர் இடத்தில் புதுப் பிழை முளைத்தது. நான் விடவில்லை. கும்பாபிஷேகம் நடந்தது, மலர் வரவில்லை. மண்டல பூஜை என்று 48 நாளைப் பெரியவர்கள் வைத்திருந்தார்களோ, பிழைத்தேன். மண்டலாபிஷேகத்தன்று வெளிவந்த மலரில் பிழை திருத்தப் பட்டியலும் இருந்தது. அந்தப் பட்டியலில் 36ஆம் பக்கம் 63 ஆகியிருந்தது.

என் சொந்தக் கட்டுரைத் தொகுப்போ கணினியில் 'இறுதி', 'இறுதி புதியது', 'கடைசி இறுதி' என்ற பெயர்களில் குடியிருக்கிறது.

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத்தை என் கட்சி என்று நினைத்திருந்தேன். 1977இல் தன் நூலொன்றின் புரூஃப் அழகாக இல்லை என்பதற்காக, அச்சுக்கோக்கும் மென்பொருளையே எழுதக் கிளம்பியவர் அவர். சீக்கிரம் முடியும் என்று தொடங்கிய 'டெக்' பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. ஆனால், தன் நூலில் பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2.56 டாலர் பரிசும் அறிவித்தார். டெக்கின் பதிப்பு எண், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இலக்கம் கூடி, கணிதத்தின் 'பை' (π) மதிப்பை நோக்கிப் போகிறது. நெருங்கும், போய்ச் சேராது. அப்படித்தான் அவரே வைத்திருக்கிறார்.

தமிழிலும் அப்படி ஒருவர் உண்டு. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. நடுவில் பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல். குற்றமே இல்லாத சிந்தாமணிதான் வேண்டும் என்று அவர் ஏட்டைக் கட்டி வைத்திருந்தால் மற்றவையெல்லாம் வரிசையில் நின்றிருக்கும். பாடபேதத்துக்காக ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தவரை அலட்சியக்காரர் என்று யார் சொல்ல முடியும்? கைக்கு எட்டியதில் சிறந்ததை உலகத்துக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த பதிப்புக்கு உழைத்தார்.

நான் உழைத்தது எதற்காக? யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த 'த்' என் மானப் பிரச்சினை. கிழமை கல்யாணத்துக்கு வருகிறவர்களின் தேவை. நாளைக்கு ஒரு தமிழாசிரியர் சிரித்துவிடுவாரே என்று பயந்தேனே ஒழிய, திங்கட்கிழமை பட்டுப்புடவையோடு பூட்டிய மண்டபத்தின் முன் நிற்கப்போகும் பெரியம்மாவை நினைக்கவில்லை.

இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் தேதியும் கிழமையும், நாட்காட்டியை வைத்துக்கொண்டு. பிறகு பெயர்கள், மண்டபம், போன் எண். ஒருவர் உரக்கப் படிக்க, நான் எழுத்தின்மேல் விரல் வைத்துப் பார்க்கிறேன். நேரம் மிஞ்சினால் ஒற்று. சொன்ன நாளில் கொடுத்துவிடுகிறேன். பிழை கண்டுபிடித்தவருக்கு டாலர் கொடுக்க வசதியில்லாததால் வாய் நிறைய நன்றி சொல்கிறேன். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவரோடு பேசுவதில்லை, அவ்வளவுதான்.