கதவைத் தட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன்

உயர்திரு தொலைக்காட்சி நிலைய நிர்வாகத்தார் அவர்களுக்கு,

செம்பூரிலிருந்து ஒரு பழைய பார்வையாளன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. 'சிஐடி' துப்பறியும் தொடரை 1998 ஜனவரியிலிருந்து பார்த்துவருகிறவனுக்குக் கதவைத் தட்டும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். இருந்தாலும் தங்கள் அந்தஸ்தை உத்தேசித்துத் தட்டிவிட்டே உள்ளே வருகிறேன். கதவுக்குப் பின்னால் யாராவது நின்றிருந்தால் தயவுசெய்து நகர்ந்துகொள்ளவும். 'தயவு'செய்துதான், தொடரில் கதவை உடைக்கும் 'தயா' செய்தால் நகர நேரமிருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் கூட்டம். டேங்கர் தண்ணீர்க் கணக்கு எங்கேயோ இடிக்கிறதே என்று எழுந்து நின்று கேட்டேன். செயலாளர் ரசீதை எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு மாலை போட்டவர் கணக்குக் கேட்கிறார், யாராவது பதில் சொல்லுங்கப்பா" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்திருந்த பையன்கூட, எதற்கென்று தெரியாமலே சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு முழுமுதற் காரணம் தாங்கள்தான் என்பதால் முதல் நன்றி தங்களுக்கு.

மாலை விவகாரம் தங்களுக்கு நினைவிருக்காது. பெரிய இடத்தில் ஆயிரம் வேலை. 2025 ஏப்ரலில் தொடரின் நாயகர் ஏசிபி பிரத்யுமனைக் குண்டு வைத்துக் கொன்றீர்கள். கொன்றதோடு விட்டீர்களா? அவர் படத்தைப் போட்டு, அஞ்சலி வாசகம் எழுதி, கீழே 1998–2025 என்று வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்குப் போடுவதுபோல ஆண்டும் போட்டீர்கள். ஒரு நிலையம் பொறுப்பாகச் செய்யும் காரியம், பொய்யாக இருக்காது என்று நினைத்தேன். ஏப்ரல் 1 அன்று போட்டிருந்தாலாவது உஷாராகியிருப்பேன். ஸ்டேஷன் பக்கத்துப் பூக்காரரிடம் 80 ரூபாய்க்குச் சாமந்தி மாலை வாங்கி டிவியின் தலையில் சாத்தினேன். மாலை நழுவி ரிமோட் சென்சாரை மறைத்துக்கொண்டதில் அன்று முழுக்கச் சேனல் மாற்ற முடியவில்லை. "தலைக்குக் குளிச்சிட்டு வாங்க, சோறு போடறேன்" என்றாள் மனைவி. அவள் கேலியாகத்தான் சொன்னாள். நான் நிஜமாகவே குளித்தேன். இரண்டாம் மாடி மராட்டிய அம்மாள் காக்கு வந்து, யார் காலமானது என்று விசாரித்துவிட்டு, ஐந்து நிமிஷம் மௌனமாக உட்கார்ந்திருந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே, ஏசிபியாக நடித்த சிவாஜி சாட்டம், எனக்கு ஒன்றும் தெரியாது, நான் விடுப்பில் இருக்கிறேன் என்ற பொருளில் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். தன் காரியத்துக்கே தகவல் இல்லாத மனிதர்! அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஏதோ கோளாறு இருக்கிறது என்று மணிக்கட்டைத் திருகித் திருகிச் சொல்ல இத்தனை வருஷம் அவரே கற்றுக்கொடுத்தாரே. சில வாரங்கள் போயின. கட்டிய மாலை காய்ந்து சருகாகி, அதை நான் குப்பையில் போடுவதற்குள் மனிதர் திரும்பி வந்துவிட்டார். அவர் வந்ததில் எனக்குச் சந்தோஷம். காக்குவுக்குத்தான் என்னிடம் இன்னும் ஒரு டீ நேரத்து மௌனம் பாக்கி இருக்கிறது, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

தங்களைக் குறை சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. இருபது வருஷம் நீங்கள் போட்ட சோற்றைத் தின்றவன் நான். நிஜமான மகாராஷ்டிர சிஐடிக்குத் தலைமையகம் புனேயில் என்பது எனக்குத் தெரியும். தங்கள் சிஐடிக்கு மும்பையில் ஒரே ஒரு அறை, அதில் ஐந்தாறு பேர். எஃப்ஐஆர் கிடையாது, வக்கீல் கிடையாது, ஜாமீன் கிடையாது. பிணத்தைச் சுற்றி எல்லாரும் நின்று ஆளுக்கொரு வரி பேசுவார்கள். டாக்டர் சாலுங்கே சோதனைக் குழாயில் நீலத்தையும் சிவப்பையும் கலப்பார். ஏசிபியோடு ஒரு சண்டை. சண்டை முடிவதற்குள் விஷத்தின் பெயர் வந்துவிடும். நிஜ ஆய்வகத்திலிருந்து அறிக்கை வரக் காத்துக் கிடப்பவர்கள் எங்கள் ஞாயிற்றுக்கிழமை அருமையை அறியமாட்டார்கள். கடைசியில் தயாவின் ஒரு அறை, குற்றவாளியின் முழு வாக்குமூலம், 'உனக்குத் தூக்குத்தான்' என்று ஏசிபியின் தீர்ப்பு. (நிஜ ஸ்டேஷன்களில் அந்த அறை இவ்வளவு வேடிக்கையாக இருப்பதில்லை. அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டும், வேறு விலாசத்துக்கு.)

சாதனை இல்லாமலா? 2004-இல் 111 நிமிடத்தை ஒரு வெட்டுக்கூட இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்துக் காட்டினார் இயக்குநர் பி.பி. சிங். ஒருவர் வசனம் மறந்தால் மொத்தமும் முதலிலிருந்து. தொடக்கக் காலத்தில் இன்ஸ்பெக்டராக வந்த அசுதோஷ் கவாரிகர், வேலையை விட்டுப் போய் 'லகான்' எடுத்தார். எங்கள் வீட்டில் அதை யாரும் முன்னேற்றமாகக் கருதவில்லை. "நல்ல உத்தியோகத்த விட்டுட்டானே" என்றார் அப்பா.

எல்லாவற்றுக்கும் மேலே கதவு. தயாவாக வரும் தயானந்த் ஷெட்டி தட்டெறிதல் வீரராக இருந்தவர். அவர் தோளுக்குத் தாங்கள் போட்ட தீனி கதவு. அழைப்பு மணி இருக்கும் கதவு, சாவி தொங்கும் கதவு, வெறுமனே சாத்திய கதவு, எதையும் அவர் பாரபட்சமாக நடத்தியதில்லை. இந்த ஊர்த் தச்சர்கள் தங்களுக்குக் கோயில் கட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். கதவில்லாக் கோயிலாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டிலும் ஒரு கதவு உண்டு. 2005 ஜூலை 26 பெருமழைக்குப் பிறகு எங்கள் குளியலறைக் கதவு ஊதிப்போய் நிலையோடு கவ்விக்கொண்டது. உள்ளே அப்பா. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து செம்பூர் ஆலையில் காலம் தள்ளியவர். முப்பது வருஷ ஆலை வாழ்க்கை தராத இந்தியைத் தங்கள் தொடர்தான் அவருக்குத் தந்தது. ஆகவே அவருக்குத் தெரிந்த இந்தி மொத்தமும் கொலை, பிணம், தூக்கு, கதவு, அப்புறம் 'கட்பட்', அதாவது ஏசிபியின் அந்தக் 'கோளாறு'. ரசத்தில் உப்புக் கூடினாலும் எங்கள் வீட்டில் கட்பட்தான். அன்றைக்கு உள்ளேயிருந்து, "ஏல, கட்பட் ஆயிட்டு. தயா மாதிரி ஒரு இடி இடில" என்றார். நான் நடைபாதையில் நாலடி பின்னால் போய், தோளைத் தாழ்த்தி, ஓடிவந்து இடித்தேன். கதவு அசையவில்லை. எனக்குள் ஏதோ அசைந்தது. இரண்டாவது இடி, மூன்றாவது இடி. "தயா ஒரு தடவதாம்ல இடிப்பான்" என்று உள்ளேயிருந்து குரல். கடைசியில் தெருமுனைத் தச்சரைக் கூட்டிவந்தோம். அவர் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப், இது வெளியே திறக்கிற கதவு. உள்ளே பார்த்து இடித்தால் இன்னும் இறுகத்தானே செய்யும்?" என்றார். கீலில் ஆணியை வைத்துக் கீழிருந்து ரெண்டு தட்டு. கதவு கையோடு வந்தது. அப்பா ஈரத்துண்டோடு, ஒரு நியாயாதிபதியின் முகத்தோடு வெளியே வந்தார். ஏழு வருஷ சர்வீஸில் ஒரு கீலைக்கூடத் திரும்பிப் பார்க்காத போலீஸ் தங்கள் போலீஸ் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வார அத்தியாயத்தைத் தோளில் தைலத்தோடு பார்த்தேன். அப்பா ஒவ்வொரு கதவுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

2018 அக்டோபரில் ஆயிரத்து ஐந்நூறு அத்தியாயங்களைத் தாண்டிய தொடரை நிறுத்தினீர்கள். நிறுத்தம் என்று சொல்லவில்லை. இடைவேளை என்றீர்கள். என்ன நாகரிகமான சொல்! தியேட்டர் இடைவேளையில் ஒரு முறுக்கு தின்னலாம். தங்கள் இடைவேளையில் கொரோனாவே வந்துவிட்டுப் போனது. 2024 டிசம்பர் 21 அன்று மணி அடித்து மறுபடி கூப்பிட்டபோது, நான் சோபாவில் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன். பழக்க தோஷம்.

அப்பா 2021-இல் போனார். அதுவரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ராத்திரி பத்து மணிக்கு, "இடைவேள முடிஞ்சிட்டால?" என்று கேட்டார். முதல் வருஷம் விளையாட்டாகக் கேட்டார். அப்புறம் விளையாட்டு இல்லை. நான் அடுத்த மாசம் என்பேன், தீபாவளிக்கு என்பேன். முடிந்துவிட்டது என்று ஒரு வரி சொல்ல உங்களுக்கு என்ன கேடு? சொல்லியிருந்தால் ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டு வேறு தொடர் பார்த்திருப்பார். எண்பது வயது மனுஷனை வாசலிலேயே நிறுத்திவைத்தீர்கள். பிறகு உயிரோடிருப்பவருக்கு அஞ்சலிப் படம் போட்டு எங்கள் அழுகையை எண்ணிப் பார்த்தீர்கள். ஃப்ரெடரிக்ஸாக வந்து எங்களைச் சிரிக்கவைத்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பரில் செத்துப்போனார். அவர் திரும்பி வரவில்லை. செத்தால் வரமாட்டார்கள், ஐயா. ரேட்டிங் குறைந்தாலும் வரமாட்டார்கள்.

மன்னிக்க வேண்டும். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கடல் காற்று, மும்பையில் சகஜம்.

தாங்கள் பெரிய மனது கொண்டவர்கள். சொந்த மகனையே சுட்டுவிட்டு வேலைக்கு வந்த ஏசிபியை உருவாக்கியவர்களுக்கு ஒரு செம்பூர்க்காரனின் கோபம் எம்மாத்திரம்? ஆகவே பணிவோடு ஒரு விண்ணப்பம். இதுவரை இரண்டு தடவை தாங்கள் என்னிடம் விடைபெற்றீர்கள், இரண்டு தடவையும் திரும்பி வந்தீர்கள். மூன்றாவது தடவை நான் முந்திக்கொள்கிறேன். இடைவேளை இல்லை, அஞ்சலிப் படம் இல்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன்: போய்வருகிறேன். தமிழில் அப்படித்தான் சொல்வது வழக்கம், அதை வைத்துக்கொண்டு வருவேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். தொகுப்பிலிருந்து தங்கள் சேனலை நீக்கச் சொல்லிக் கேபிள்காரரிடம் பேசியாயிற்று. "நெஜமாவா அண்ணா?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார். சாலுங்கே சாருக்கும் இன்ஸ்பெக்டர் அபிஜீத்துக்கும் என் அன்பு. தயாவின் தோளை யாராவது நல்ல டாக்டரிடம் காட்டவும்.

இன்னொன்று. அந்தக் குளியலறைக் கதவு கடைசியில் உளுத்துப்போனது. போன மாதம் வாசலுக்கும் சேர்த்து இரண்டு கதவு மாற்றினோம். வாசலுக்குத் தேக்கு. தவணையில் இன்னும் நாலு மாசம் பாக்கி. உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன், மணியும் வேலை செய்கிறது. தயாவை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மாலை போட்டவன்,
செம்பூர், மும்பை