சம்பளமில்லாத சஃபாரி

1909 ஏப்ரலில் மொம்பாசா துறைமுகத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் இறங்கியபோது அவருக்கு வேலை கிடையாது. அமெரிக்க ஜனாதிபதிப் பதவி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வேலை முடிந்துவிட்டால் நம் வீட்டு ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரே பேப்பரை மூன்று தடவை படிப்பார்கள். அவர் மகன் கெர்மிட்டையும் கூட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போனார். மூட்டை தூக்க இருநூறுக்கும் மேற்பட்ட கூலியாட்கள், உரித்த தோலைப் பதப்படுத்த நாலு டன் உப்பு, கூடாரத்துக்கு மேலே பறக்க ஒரு பெரிய அமெரிக்கக் கொடி. இது போதாதென்று ஒரு நூலகம் வேறு. ரத்தமோ வேர்வையோ துப்பாக்கி எண்ணெயோ பட்டாலும் கெடக்கூடாது என்று அறுபது புத்தகங்களைப் பன்றித் தோலில் பைண்ட் செய்து எடுத்துப் போயிருந்தார். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், பன்றி அவதாரமான லட்சுமி வராகர் கோயில் குளக்கரையில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் இதைப் படிக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சுட்டது 512 விலங்குகள். எல்லாம் அறிவியலுக்காக, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக. செலவில் ஒரு பங்கை அமெரிக்கக் கோடீஸ்வரர் கார்னகி கொடுத்தார். அவர்கள் ஏறிப் போன உகாண்டா ரயில்பாதையைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறிய கூலித்தொழிலாளிகள். 1898-இல் சாவோ என்ற இடத்தில் இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் அந்தத் தொழிலாளிகளைக் கூடாரம் கூடாரமாக வந்து தூக்கிப்போயின. ஆப்பிரிக்கக் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கிய முதல் இந்தியக் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் சிங்கம் பார்க்கப் போகவில்லை. சிங்கம்தான் வந்து அவர்களைப் பார்த்தது.

இப்போது ஸ்ரீவராகத்திலிருந்து ஓய்வுபெற்ற தம்பதிகள் மசாய் மாரா போகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, புளிக்காய்ச்சல் கட்டி, பருப்புப்பொடி எடுத்துக்கொண்டு. லட்சக்கணக்கான காட்டுமாடுகள் ஆற்றைத் தாண்டுவதையும் முதலை ஒன்றிரண்டை இழுத்துக்கொள்வதையும் ஜீப்பில் உட்கார்ந்தபடி வீடியோ எடுத்து வருகிறார்கள். நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடாரம், வழிகாட்டி, வலசை வரும் உயிரினங்கள் எல்லாம் அடங்கிய முழுநீள சஃபாரி ஒன்றை நம்முடைய சொந்த சர்க்கார் 1933-லேயே நடத்தியிருக்கிறது. அதை நடத்திக்கொடுத்தவருக்கும் வேலை கிடையாது. ரூஸ்வெல்ட்டுக்கும் அவருக்கும் இருந்த ஒரே ஒற்றுமை அதுதான்.

சலீம் அலி பம்பாய்க்காரர். பத்து வயசு வாக்கில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சளாக ஒரு கறை. இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று மார்க்கச் சந்தேகம் வந்துவிட்டது. மாமா அமிருதீன் தயாப்ஜியிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லார்டிடம் அனுப்பிவைத்தார். அந்தக் குருவி குழம்பில் போயிருந்தால் இந்தியப் பறவையியல் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரியவரானதும் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை. விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போய் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பெரிய பறவைப் பண்டிதரிடம் பாடம் கேட்டார். 1930-இல் திரும்பி வந்தால் நாற்காலியைக் காணோம். பணமில்லை, அந்தப் பதவியையே எடுத்துவிட்டோம் என்றார்கள். மேல்படிப்பு படித்தால் வேலை உயரும் என்று பிள்ளைகளிடம் சொல்கிற தகப்பன்மார் இந்தப் பத்தியை வீட்டில் வாசிக்க வேண்டாம்.

மனைவி தெஹ்மினாவோடு கீஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனார். அங்கே பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆண் குருவி பாதி வீடு கட்டும். பெண் வந்து உள்ளே நுழைந்து சுற்றிப் பார்க்கும். பிடித்தால் குடியேறும். ஆண் உடனே அடுத்த வீட்டைக் கட்டி அடுத்தவளுக்குக் காத்திருக்கும். சம்பாத்தியமில்லாத புருஷன் ஒருவன் நாள் முழுக்க இதை உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறான். தெஹ்மினா என்ன நினைத்தார் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதாதது அவருடைய பெருந்தன்மை.

அங்கேதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. சமஸ்தானங்களின் பறவைகளை ஒழுங்காக யாரும் கணக்கெடுக்கவில்லை. நான் எடுத்துத் தருகிறேன், சம்பளம் வேண்டாம், முகாம் செலவும் பயணச் செலவும் கொடுத்தால் போதும். முதலில் ஹைதராபாத் சரி என்றது. அடுத்து திருவிதாங்கூரும் கொச்சியும்.

திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் அந்தக் காகிதம் எப்படி மேஜை மேஜையாக நகர்ந்திருக்கும் என்று நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு. ஸ்ரீவராகத்திலிருந்து வேட்டியைத் தட்டிக்கட்டிக்கொண்டு நடந்துபோகும் குமாஸ்தா ஒருவர் மேலதிகாரியிடம் சொல்லியிருப்பார்:

“பட்சியை எண்ணப் போறாராம், சார்.”

“எண்ணி?”

“எண்ணிட்டு எழுதுவாராம்.”

“வரி கிரி போட முடியுமாவே அதுக்கு?”

“முடியாது சார். ஆனா சம்பளம் வேண்டாங்கறார்.”

“சம்பளம் வேண்டாமா? சாங்ஷன்னு எழுதும்.”

மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு அப்போது இருபது வயது. காரியம் சுபமாக முடிந்தது.

உண்மையைச் சொன்னால் சர்க்காருக்குப் பறவை புதிதல்ல. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தை நடத்திய பெர்கூசன் துரையும் காட்டிலாகாவில் இருந்த போர்டில்லான் துரையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருவிதாங்கூர் பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் மலையிலிருந்து முனைவரை முகாம் முகாமாகப் போய்ப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

1933 ஜனவரியில் மறையூரில் தொடங்கினார்கள். சந்தனமரமும் கல்திட்டைகளும் உள்ள மழைமறைவுப் பள்ளத்தாக்கு. தமிழ் பேசிக்கொண்டே இருக்கலாம், யாரும் மலையாளத்தில் பதில் சொல்ல மாட்டார்கள். அங்கிருந்து மூணாறு. அங்கே முன்பு ரயில் ஓடியது. ஆனால் 1924 வெள்ளத்தில் குண்டளை ரயில்பாதை முழுக்க அடித்துப்போய்விட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் இன்றும் கேரளத்துக் கிழவிகள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று அதைப் பற்றிப் பேசுவார்கள், ஏதோ போன வாரம் வடிந்த மாதிரி. பிறகு தட்டேக்காடு, தேக்கடி ஏரி, தென்மலை. ஏரியின் தண்ணீர் மெட்ராஸுக்கு, கரை திருவிதாங்கூருக்கு. இந்த வழக்கைப் பற்றி ஏரியில் முழுகிப் பட்டுப்போன மரங்களின் மேல் உட்கார்ந்திருந்த பறவைகள் மட்டும் கருத்துச் சொல்வதில்லை.

கொச்சிப் பக்கம் போனால் சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் வரை காட்டு டிராம். 1907-இல் தேக்கும் ஈட்டியும் இறக்குவதற்காகப் போட்டது. சரிவில் மரம் ஏற்றிய வண்டி தன் பாரத்தாலேயே கீழே இறங்கும், அந்த இழுப்பில் காலி வண்டி மேலே ஏறும். அந்தப் பாதையில் குரியார்குட்டி என்று ஓர் இடம். சலீம் அலி அங்கே டிராம் பங்களாவில் தங்கினார். அந்தக் காட்டில் வழி சொல்லத் தெரிந்தவர்கள் காடர்கள். மாராவில் வழிகாட்டிக்குத் தொப்பியும் வாக்கிடாக்கியும் உண்டு. இங்கே அவர் பேசாமல் முன்னால் போவார், நாம் மூச்சிரைக்கப் பின்னால் போவோம். கென்யாவில் “இடதுபக்கம் சிங்கம்” என்றால் இடதுபக்கம் நிஜமாகவே சிங்கம் இருக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையில் “அந்த இலைக்குப் பின்னால ஒரு இலை அசையுது பாருங்க, அது இலை இல்லை” என்பார்கள். பார்ப்பதற்குள் அது இலையாகிவிடும்.

நம்முடைய வலசையின் கஷ்டமே இதுதான். மாராவின் காட்டுமாடு ஒன்று இருநூறு கிலோ இருக்கும், கும்பலாக வரும், கத்தும். இமயமலை அடிவாரத்திலிருந்து குளிருக்குப் பயந்து நம் பக்கம் இறங்கும் ஆறுமணிக்குருவி அறுபது கிராம் தேறினால் அதிகம். ஒன்பது நிறம் பூசிக்கொண்டு வந்தும் தரையில் சருகுக்குள் கிடக்கும். காலையிலும் மாலையிலும் சொல்லிவைத்தாற்போல் இரண்டு குரல் கொடுக்கும், அதனால்தான் தமிழில் அதற்கு அந்தப் பெயர். அதைவிட மோசம் நாணல் கதிர்குருவி. பன்னிரண்டு கிராம், சாணி நிறம், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து நம் கொல்லைப்புற வேலியில் ‘டக் டக்’ என்று நாக்கைத் தட்டிக்கொண்டிருக்கும். இதற்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

சலீம் அலி எடுத்தார். எப்படிப் பார்த்தார் என்று கேட்டால் இன்றைய பறவை ஆர்வலர்களுக்கு நெஞ்சு அடைக்கும். சுட்டுத்தான். அந்தக் காலத்தில் பறவையைப் பார்த்தேன் என்றால் கையில் வைத்துப் பார்த்தேன் என்று அர்த்தம். சிறு ரவையால் சுட்டு, அன்று சாயங்காலத்துக்குள் தோலை உரித்து, ஆர்சனிக் பூசி, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்ட வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, ஆணா பெண்ணா. பகலெல்லாம் மலை ஏறிவிட்டு ராத்திரி ராந்தல் வெளிச்சத்தில் இந்த வேலை. இங்கிலாந்தில் படித்து வளர்ந்த தெஹ்மினா இந்தக் கூடாரங்களில் குடித்தனம் நடத்தினார். கணவரின் ஆங்கிலத்தைச் செப்பனிட்டதும் அவர்தான். பின்னால் அந்த எழுத்தைப் பாராட்டாத ஆளில்லை. 1939-இல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துபோனார். சலீம் அலி மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

உரித்த தோல்களை ஆராய்ந்தவர் ஹியூ விஸ்லர். பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்தில் ஸசெக்ஸில் உட்கார்ந்திருந்தவர். ஆக, எத்தனையோ கணவாய் தாண்டி, கழுகுக்குத் தப்பி மறையூர் வந்து சேர்ந்த ஒரு குருவி, அங்கே உயிரை விட்டபிறகு, ஒரு மாஜி போலீஸ்காரரின் விசாரணைக்கு ஆளாக வேண்டியிருந்தது. அதன் வாழ்நாளின் மிக நீண்ட வலசை, வாழ்நாள் முடிந்த பிறகு நடந்தது.

இந்த வட்டாரத்தில் இன்னொரு பேர்வழி உண்டு, அவரை விட்டுவிட மனசு வரவில்லை. கர்னல் ரிச்சர்ட் மெய்னர்ட்ஸ்ஹாகன். கென்யாவில் பட்டாளத்தில் இருந்தபோது உலகத்திலேயே மிகப் பெரிய காட்டுப்பன்றியை அறிவியலுக்குக் காட்டிக்கொடுத்தவர், 1904-இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஸ்ரீவராகத்தில் நாங்கள் பெருமாளின் பெயரை ஊருக்கு வைத்தோம். ஆப்பிரிக்காவில் கர்னலின் பெயரைப் பன்றிக்கு வைத்தார்கள். 1937-இல் அவர் சலீம் அலியோடு ஆப்கானிஸ்தானத்துக்குப் பறவை தேடிப் போனார். இந்த ஆள் நாளைக்கே வெள்ளைக்காரனை வெளியேற்றத் தயாராக இருக்கிறான் என்று நாட்குறிப்பில் புலம்பினார். சலீம் அலி பின்னால் அந்தப் புலம்பலைத் தன் சுயசரிதையிலேயே அச்சடித்துச் சிரித்தார். கர்னலின் பறவைச் சேகரிப்பில் ஏராளம் மற்ற அருங்காட்சியகங்களிலிருந்து திருடி, பொய்ச் சீட்டு ஒட்டியவை என்று 1990-களில் தெரியவந்தது. அவர் செத்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது, கேஸ் போட முடியவில்லை.

திருவிதாங்கூர்-கொச்சிக் கணக்கெடுப்பு 1935 முதல் 1937 வரை பம்பாய்க் கழகத்தின் இதழில் தொடராக வந்தது. 1953-இல் ‘திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள்’ என்று புத்தகமானது. புத்தகம் விற்றுத் தீர்வதற்குள் 1956 நவம்பர் 1 வந்து இரண்டு பெயரையும் வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டது. 1969-இல் ‘கேரளப் பறவைகள்’ என்று தலைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. அவர் ஆரல்வாய்மொழியிலும் கன்னியாகுமரியிலும் பார்த்த பறவைகள் ஒரே ராத்திரியில் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டன, இடம் பெயராமலே. இன்னொரு பக்கம், தென்னிந்தியாவிலேயே பறவை வளம் மிகுந்த இடங்களில் ஒன்று என்று அவர் புகழ்ந்த தட்டேக்காட்டை 1983-இல் சரணாலயமாக்கினார்கள். சர்க்கார் காகிதம் மேஜை தாண்ட ஐம்பது வருஷம். அவர் அதையும் இருந்து பார்த்தார், 1987 வரை இருந்தார். 2009-இல் கேரளப் பறவை ஆர்வலர்கள் அவர் போன தடத்திலேயே மறுபடி போய்க் கணக்கெடுத்தார்கள். இந்தத் தடவை கேமராதான், ரவை இல்லை. பறவைகளுக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆப்பிரிக்காவுக்கு வருவோம். துலா மாதத்தில், நம் ஐப்பசியில், எங்கள் குளத்தின் மேலும் தெருவிளக்கைச் சுற்றியும் மஞ்சளாகத் தும்பிகள் கூட்டம் கூட்டமாக வரும். மலையாளத்தில் துலாத்தும்பி. குழந்தைகள் வாலில் நூல் கட்டப் பார்க்கும், பாட்டிமார் அதட்டுவார்கள். மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் வருஷா வருஷம் அக்டோபரில் இவை அங்கே வந்து இறங்குவதைக் கவனித்தார். நல்ல தண்ணீர் தேங்காத பவளத்தீவில் தும்பிக்கு என்ன வேலை என்று யோசித்தார். இவை இந்தியாவிலிருந்து காற்றோடு கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். அங்கே மழைக்குட்டையில் முட்டையிடும், தலைமுறை மாறும், தென்மேற்குப் பருவக்காற்றில் பேரப்பிள்ளைகள் திரும்பி வரும். போகவர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு.

உப்பு மூட்டை கிடையாது, பைண்ட் செய்த புத்தகம் கிடையாது, ஹஜூர் கச்சேரி சாங்ஷனும் கிடையாது. எதிர்வீட்டு மாமா இந்த வருஷமும் மாரா போகிறார். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் செருகி, ரப்பர் பேண்ட் போட்டு, அதை எங்கே வைத்தோம் என்று மாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.