மொய்க்கு ஐ.பி. கிடையாது

சப் கோர்ட் நோட்டீஸ் வந்ததைக்கூடச் சகித்துக்கொண்டேன். அது வந்த சூட்டோடு அதே ஆள் வீட்டுக்கே வந்து, "ஞாயித்துக்கிழமை அவசியம் வந்துரணும் மாமா" என்று மொய் விருந்துப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

தேங்காய் வியாபாரம் நொடித்து ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுத்திருக்கிறார். மனுவில் நான் 17-ஆவது எதிர்மனுதாரர். மூன்று லட்சம் கொடுத்தவன் எதிர்மனுதாரர், வாங்கியவர் மனுதாரர். 1920-ஆம் வருஷச் சட்டம் அது. கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம். எல்லாக் கடனையும் ஒளிக்காமல் பட்டியலில் காட்டணும், ஒருத்தருக்கு மட்டும் ஓரவஞ்சனையாகக் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. இதில் என்னைப் போன்றவனுக்கு ஒரு வழி உண்டு, பிறகு சொல்கிறேன்.

பட்டியலை உட்கார்ந்து படித்தேன். டீக்கடை பாக்கி இல்லை. காலையில் டீ வேண்டுமே. மீட்டர் வட்டிக்காரர் இல்லை, காலும் வேண்டுமே. மச்சினன் இல்லை, சோறு வேண்டும். ஆக, கொடுத்துத்தான் தீரணும் என்று அவர் நினைக்கிற கடன் ஒன்றுகூடக் கோர்ட்டுக்குப் போகவில்லை. கேட்டால் கோபப்படாதவன், வாசலில் வந்து கத்தாதவன், "பார்த்துச் செய்யப்பா" என்று காபி கொடுத்து அனுப்புகிறவன், இப்படிப் பொறுக்கியெடுத்த உத்தமர்கள்தான் அந்தப் பட்டியல் முழுக்க.

மொய்யும் அதில் இல்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் நோட்டுக்கு இருக்கிற மரியாதை எந்தப் பத்திரப்பதிவுக்கும் கிடையாது. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, வட்டி இல்லை. ஒரு குயர் நோட்டில் பேர், ஊர், தொகை. அவ்வளவுதான். தாத்தா வாங்கியதைப் பேரன் தேடிப்போய்த் திருப்பி வைக்கிறான். கஜா புயலில் தோப்பே படுத்தவர்கள்கூட ஆடி மாசம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கவரை நீட்டினார்கள். நம்ம மனுதாரரும், நோட்டீஸ் போட்ட கையோடு, பக்கத்து ஊர் விருந்தில் பழைய முறையைச் செய்துவிட்டு வந்திருக்கிறார். நானே பார்த்தேன். எனக்கு வணக்கம்கூட வைத்தார்.

நானும் அவருக்கு 5,000 திருப்பணும். வக்கீலைக் கேட்டேன். இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன்.

"மொய்யில கழிக்கிறதா? அப்புறம் நம்ம பொண்ணு காதுகுத்துக்கு எவன் வருவான்?" என்றாள்.

விருந்துக்குப் போனேன். கறி நன்றாகத்தான் இருந்தது, அதிலும் எரிச்சல். 5,000-த்தோடு மேற்கொண்டு ஆயிரம் வைத்தேன். எழுதுகிற பையன் பேரை இரண்டு தடவை கேட்டுச் சரியாக எழுதிக்கொண்டான். மூன்று லட்சம் எப்போது வருமோ, அந்த ஆயிரம் வந்துவிடும்.