பொறுப்புப் பாடசாலையின் தலைமையாசிரியர் அவர்களுக்கு

பெறுநர்: மாட்சிமை பொருந்திய வேலை, ஓய்வூதியத் துறையவர்கள், காக்ஸ்டன் ஹவுஸ், லண்டன்.

பொருள்: வாடகை உதவித்தொகையை அதற்குரியவரிடம் கேளாமலே வீட்டுக்காரருக்கு அனுப்பிவைக்கும் அருட்பணி குறித்து.

துறையவர்கள் நெடுநாளாகப் பேணிவந்த ஒரு நல்வழக்கம் சட்டத்துக்குப் புறம்பானது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தபோது, துறையின் அன்பர்கள் அனைவரும் மனம் நொந்திருப்பர். வீட்டுவசதிச் சங்கம் முதலான சமூக வீட்டுக்காரர்கள், குடியிருப்பவருக்கு வரும் வாடகைத் தொகையை இனித் தங்களுக்கே அனுப்புமாறும், பழைய நிலுவையையும் அவருடைய உதவித்தொகையிலிருந்து பிடித்துத் தருமாறும் இணையவழியில் விண்ணப்பித்தபோதெல்லாம், கணினி நிரல் ஒன்று அதனைத் தானாகவே ஏற்றுக்கொண்டது. பணத்துக்கு உரியவருக்கோ எல்லாம் முடிந்த பின்னரே செய்தி போயிற்று. இத்தகைய விரைவை நீதிமன்றம் ஏன் பாராட்டவில்லை என்பது வியப்புக்குரியதே. வழக்குத் தொடுத்தவர், வீட்டின் பழுதுகள் தொடர்பாக வீட்டுக்காரரோடு தகராறு இருந்தமையால் வாடகையை வேண்டுமென்றே நிறுத்திவைத்தவர். அவ்வாறு நிறுத்திவைத்தது முறையா, முறைகேடா என்பது தனி வழக்கு. அவரிடம் அதைக் கேட்கவே யாரும் முன்வரவில்லை என்பதே இந்த வழக்கு.

துறையவர்கள் முன்னர் மேற்கொண்ட பணி இதற்கு நேர்மாறானது என்பதை இளையோர் அறியார். பிரிட்டனில் வாடகை உதவி 1980களின் தொடக்கத்தில் உள்ளாட்சி மன்றங்களின் வழியே ஒரே திட்டமாக்கப்பட்டபோது, மன்றத்தின் சொந்த வீடுகளில் குடியிருந்தோருக்குப் பணம் கைக்கு வரவே இல்லை. வாடகைக் கணக்கிலேயே கழிக்கப்பட்டது. 2008 ஏப்ரலில் தனியார் வீடுகளில் குடியிருப்போருக்கும், 2013 ஏப்ரலில் ஆஷ்டன்-அண்டர்-லைன் என்னும் ஊரில் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட்டின் கீழ் ஏனையோருக்கும் அத்தொகையை நேரே கையில் கொடுப்பதே பொது விதியாயிற்று. யுனிவர்சல் கிரெடிட் என்பது வேலையின்மை, குறைந்த வருமானம், குழந்தை, வாடகை முதலியவற்றுக்கான பல உதவிகளை ஒன்றாக்கி மாதம் ஒருமுறை வழங்கும் ஏற்பாடு. மாதச் சம்பளக்காரரைப் போல ஏழையும் பணத்தை வாங்கி, வகுத்து, வாடகையைத் தாமே கட்டிப் பொறுப்பைக் கற்க வேண்டும் என்பது அதன் கொள்கை. கொள்கையில் குற்றமில்லை. தமது வாடகையைத் தாமே செலுத்துபவரிடம் வீட்டுக்காரர் பேசும் குரல் வேறு. அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர் குடியிருப்பவரிடம் பேசும் குரல் வேறு. ஆகவே துறையவர்கள் திறந்துவைத்தது ஓர் உதவி அலுவலகமன்று, பொறுப்புப் பாடசாலை என்றே கொள்ளத்தகும்.

முதற்பாடம் பட்டினி. விண்ணப்பித்த நாளிலிருந்து முதல் தொகை கைக்கு வர ஐந்து வாரம் ஆகும். 2018இன் தொடக்கம் வரை அது ஆறு வாரமாக இருந்தது. இடையில் திண்டாடுவோருக்கு முன்பணம் உண்டு. ஆனால் அது கடன். பின்வரும் மாதங்களின் தொகையிலிருந்து தவறாமல் பிடிக்கப்படும். ஆக, மாணவர் பள்ளிக்குள் நுழையும்போதே வாடகை நிலுவையோடும் பள்ளிக்கே பட்ட கடனோடும் நுழைகிறார்.

கணிதப் பாடம் இதனினும் நுட்பமானது. சமூக வீடுகள் பலவற்றில் வாடகை வாரந்தோறும் திங்களன்று கணக்கில் ஏறும். துறையவர்களோ வார வாடகையை 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்து மாதத் தொகையாக்குவர். 2019–20 நிதியாண்டில் 53 திங்கட்கிழமைகள் வந்துவிட்டன. நாட்காட்டி செய்த இந்தக் கீழ்ப்படியாமைக்காகத் துறையவர்கள் தமது சூத்திரத்தை மாற்றவில்லை. விடுபட்ட ஒரு வார வாடகை குடியிருப்பவரின் நிலுவையாக நின்றது. பாடநூல் பிழையானால் மதிப்பெண் மாணவருக்கே குறையும் என்பது இப்பள்ளியின் மரபு.

நிலுவை இரண்டு மாத வாடகையை எட்டினால் மாணவர் தேர்வில் தோற்றவராகக் கருதப்படுவார். வீட்டுக்காரருக்கே நேரே செலுத்தும் மாற்று ஏற்பாட்டுக்கு வழி திறக்கும். நிலுவைக்காக, வாழ்க்கைச் செலவுக்குரிய அடிப்படைத் தொகையிலிருந்து நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை பிடிக்க விதி இடமளித்தது. 2024–25இல் 25 வயது நிரம்பிய தனியாளுக்கு அந்த அடிப்படைத் தொகை மாதம் 393.45 பவுண்டு, அதில் இருபது விழுக்காடு என்பது ஏறத்தாழ 79 பவுண்டு, அதாவது உணவும் மின்சாரமும். வாடகை நேரே போய்விட்டால் தொல்லை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. குடியிருப்பவரின் கணக்கில் மாதந்தோறும் கழித்த தொகையைத் துறையவர்கள் சமூக வீட்டுக்காரர்களுக்கு நான்கு வாரத்துக்கொருமுறை மொத்தமாக அனுப்பிவந்த காலமொன்று இருந்தது. இரண்டு நாட்காட்டிகளும் ஒத்துப்போகாமல், கட்டணம் வாங்கிக்கொண்ட பள்ளியே அதை உரிய இடத்தில் சேர்க்கத் தாமதித்து, மாணவரின் பெயருக்கு எதிரே பாக்கி என்று எழுதவைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மாணவர் பாடத்தைக் கற்றுத் தேறினார் என்றால், அவர் அந்த வழக்கைத் தொடுத்தவரே. பணம் கையில் இருந்தது, வீடு பழுது, கட்டுவதா, நிறுத்திவைப்பதா என்று தாமே ஆராய்ந்து ஒரு முடிவெடுத்தார். துறையவர்கள் 2013 முதல் கற்பிக்க முயன்ற பொறுப்பு என்பது இதுவன்றி வேறென்ன? ஆனால் விடைத்தாளைத் திருத்தியது கணினி. அது விடையைப் படிக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டார், கணினி கொடுத்தது. ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவர் கேட்டால் படிவம், காத்திருப்பு, மறுபடியும் படிவம். அவருக்கு மேலிருப்பவர் கேட்டால் உடனடி ஒப்புதல். வறியவரின் பணத்தை அவர் முகத்தைக்கூடப் பாராமல் எடுத்துக் கொடுக்கும் ஓர் அரசுக்குப் பொறுப்பைப் பற்றிப் பேச எந்த உரிமையும் கிடையாது. ஆயினும் துறையவர்களின் கல்வித்தொண்டு உலகறிந்தது. ஓர் இயந்திரத்தின் அவசரத்தைக் கொண்டு அதனை எடைபோடுதல் நன்றியறிதல் ஆகாது.

வீட்டுக்காரர் அனைவரும் கொடியவர் என்பதும் இம்மடலின் கருத்தன்று. வங்கிக் கடனில் வாங்கிய ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு, இரண்டு மாதம் பணம் வராமல் தவணைக்குத் திண்டாடுவோரும் உளர். மறுபுறம், உதவித்தொகை பெறுவோருக்கு வீடில்லை என்று விளம்பரம் செய்த தனியார் உரிமையாளர்கள், 2001இலேயே கலைக்கப்பட்ட பழைய சமூகப் பாதுகாப்புத் துறையின் முதலெழுத்துகளையே அதற்குப் பல்லாண்டுகள் பயன்படுத்தினர். அத்தகைய ஒட்டுமொத்த மறுப்பு சட்டவிரோதப் பாகுபாடு என்று யார்க் மாவட்ட நீதிமன்றம் 2020 ஜூலையில் கூறிற்று. வாடகை நேரே வீட்டுக்காரருக்குப் போவதையே விரும்பும் குடியிருப்பவர்களும் பலர். கையில் வந்தால் மின்கட்டணமும் பிள்ளையின் காலணியும் முந்திக்கொள்ளும் என்பதை அவர்கள் எந்த ஆசிரியரினும் நன்கறிவர். வட அயர்லாந்தில் வீட்டுக்காரருக்கு நேரே செலுத்துவதே பொது விதி. அங்கே வானம் இடிந்து விழவில்லை.

ஸ்காட்லாந்தில் நிகழ்ந்ததோ துறையவர்களின் புகழுக்கே மகுடம். அங்கே 2017 அக்டோபர் முதல், வாடகைப் பகுதியை நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பலாமா, மாதம் இருமுறை பணம் வேண்டுமா என்று துறையின் இணையக் கணக்கிலேயே உரியவரிடம் கேட்கப்படுகிறது. கேட்பது அதே துறை. செலுத்துவதும் அதே யுனிவர்சல் கிரெடிட். அங்கே உரியவர் தாமே தெரிவுசெய்யலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவர் முதலில் கடனில் விழ வேண்டும், அல்லது தம்மால் பணத்தை நிர்வகிக்க இயலாது என்று விண்ணப்பித்துத் துறையவர்களின் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டும். எல்லையைக் கடந்து இங்கிலாந்தின் கார்லைலுக்குக் குடிபெயர்பவர், கிளாஸ்கோவில் தமக்கிருந்த அறிவை வழியிலேயே தொலைத்துவிடுவார் என்று துறையவர்கள் கண்டறிந்திருக்கக் கூடும்.

ஆகவே பணிவான வேண்டுகோள் ஒன்றே: எல்லைக்கு வடக்கே ஏற்கெனவே எழுதப்பட்டு இயங்கிவரும் அந்தக் கேள்வியைத் தெற்கேயும் திறந்துவிட்டு, வீட்டுக்காரரின் விண்ணப்பம் வரும்போது கணினி தலையாட்டுவதற்குமுன் குடியிருப்பவரின் விடைத்தாளை ஒரு மனிதர் படித்துப் பார்க்க அருள்கூர வேண்டும். இம்மடலுக்கான பதில் ஐந்து வாரம் கழித்து வந்தால் போதுமானது. முன்பதில் எதுவும் வேண்டாம், அதனைப் பின்னர் யாருடைய தொகையிலிருந்து பிடிப்பர் என்பது இந்நேரம் எல்லா மாணவருக்கும் தெரியும்.

இங்ஙனம்,
பாடசாலையின் பழைய மாணவர் நலம் விரும்புவோர்