கை நனைஞ்சுதா சார்?

பரணிலிருந்து வெள்ளைக் குழாய் ஒன்று மீன்தொட்டிக்கு இறங்கும். தொட்டியின் அடியிலிருந்து இன்னொன்று கிளம்பி, சோபாவுக்குப் பின்னால் சுவரோரமாக ஊர்ந்து பால்கனிக்குப் போகும். இப்படி ஒரு கூடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டால், காலில் செருப்பு இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். மீன் வளர்ப்பவர்களில் வாளி தூக்குவதை வெறுக்கும் இனம் அது.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. முழுக்க நிரப்பினால் சுமார் 255 லிட்டர். வாரம் ஒருமுறை அதில் கால்பங்கை மாற்றினால் மீன் சுகமாக இருக்கும். கணக்குப் போட்டால் நாலைந்து வாளி, கால்மணி நேர வேலை. அந்தக் கால்மணியை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், உடைந்த ஆக்ஸா பிளேடுகள், காலியான சால்வென்ட் சிமென்ட் டப்பாக்கள். ஹார்டுவேர் கடைக்காரர் இவர்கள் தலையைக் கண்டதுமே அரை இஞ்சு எல்போவை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார்.

போகட்டும், அது அவரவர் பணம். என் எரிச்சல் வேறு. செய்து முடித்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வருகிறவர்களை வைத்துத் திறப்புவிழா நடத்துவார்கள்.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தம்பதி தாம்பாளத்தைக்கூடக் கீழே வைத்திருக்க மாட்டார்கள். "ஒரே ஒரு வால்வுதான் சார், நீங்களே திருப்புங்க!" ஒன்று என்று சொல்வாரே தவிர, இருப்பது இரண்டு. சிவப்புக் கைப்பிடி வெளியேற்ற, நீலம் நிரப்ப. மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து சிவப்பைத் திருப்புவார். குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்கும், தண்ணீர் இறங்கும். வந்தவர் தொட்டியைப் பார்ப்பார். இவர் வந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கை நனைஞ்சுதா சார்?"

"இல்லைங்க."

"நனையாது!"

குழாய் இணைப்புக்கு அடியில் ஒரு டிபன்பாக்ஸ் மூடி பாதி நிறைந்திருக்கும். யாராவது அதைக் கவனித்துவிட்டால், "அது குழாய் வேர்க்குறது" என்பார். அவர் மனைவி அதற்குள் மாப்பை எடுத்து வந்திருப்பார்.

மின் மீட்டர் ரீடிங் எடுக்க வந்த பையன் திருப்பியிருக்கிறான். கைத்தடியோடு வந்த மாமனார் திருப்பியிருக்கிறார். தீபாவளிக்கு வந்தவர்களெல்லாம் வரிசையாகத் திருப்பினார்கள். வாரம் ஒருமுறை வேண்டிய புதுத் தண்ணீர் அன்று மணிக்கொருமுறை கிடைத்தது. காலிங்பெல் அடித்தாலே மீன்கள் மூலைக்கு ஓடுவதை நானே பார்த்தேன்.

இவர்கள், இவர்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். எப்போதோ இவர் ஆகிவிட்டார். ஆகட்டும்.

மனிதர் விஷயம் தெரிந்தவர், அதை மறுக்கக் கூடாது. கொளத்தூரில் தொட்டி வாங்கும்போதே அடிக்கண்ணாடியில் துளை போடச் சொல்லி, டேங்க் நிப்பிள் பொருத்தி, உள்ளே 13 அங்குல உயரத்துக்குக் குழாய் ஒன்றைச் செருகி நிறுத்தியிருக்கிறார். தண்ணீர் அந்தக் குழாயின் வாய்க்கு இறங்கியதும் வடிவது தானாக நின்றுவிடும். ஒருமுறை அந்தத் தத்துவத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்கையிலேயே ஆஸ்கர் மீன் குழாயை முட்டிச் சாய்த்துவிட்டது. எதையும் வைத்த இடத்தில் விடாத ஜாதி அது. தத்துவம் முடிவதற்குள் தொட்டி காலி. மீன் கூழாங்கல்மேல் ஒருக்களித்துப் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

அன்று அவர் அலறிய அலறலில் நடிப்பில்லை. மீன் கழிவின் அமோனியாவை பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும், மிஞ்சும் நைட்ரேட்டை நாம்தான் வெளியேற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவரே அவர். லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று பரணிலுள்ள டிரம்மில் ஒருநாள் முழுக்கக் காற்றுக்குமிழி விட்டு வைப்பார். மே மாதத்தில் பரண் தண்ணீரும் சூடேறிவிடும் என்று, பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்பதுபோல முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நீல வால்வைத் தொடுவார். அந்த நேரத்தில் மட்டும் பக்கத்தில் யாரையும் கூப்பிட மாட்டார்.

ஆனாலும் கேட்கிறேன். சென்னையில் மே மாதத்தில் அந்த லாரிக்குக் குடியிருப்பே சேர்ந்து பணம் கட்டுகிறது. ஒரு விருந்தாளிக்கு அறுபது லிட்டர் என்பது என்ன நியாயம்? போகிற தண்ணீர்தான் எங்கே போகிறது? "செடிக்கு நல்ல உரம் சார்" என்கிறார். உண்மைதான், நைட்ரேட் உரம்தான். ஆனால் அவர் பால்கனியில் செடி இல்லை. குழாய் முடிகிற இடத்துக்கு நேர் கீழே இருப்பது என் பால்கனி. அங்கே கொடியில் காய்வது என் வேட்டிகள். என்னிடம் மட்டும் யாரும் நனைஞ்சுதா என்று கேட்டதில்லை.

இன்னும் பத்தடிக் குழாயும் ஒரு எல்போவும் போட்டால் தண்ணீர் கீழே வாழைமரத்துக்குப் போய்விடும். செலவை நான் தருகிறேன் என்று சொல்லியாயிற்று. வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறாராம். அது முடியும்வரை மேல்வீட்டுக்கு விருந்தாக வருகிறவர்கள் கிளம்புமுன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். துணியை எடுத்துவிடுகிறேன்.