ஆண்டறிக்கையார்

மார்கழி வந்தால் எங்கள் தெருவில் பெண்கள் புள்ளி வைப்பார்கள். மாடி வீட்டு நண்பர் புள்ளிவிவரம் வைப்பார். அந்த வருஷம் படித்த புத்தகங்களின் புள்ளிவிவரம். வங்கியில் கடன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். மார்ச் 31இல் வங்கிக்குக் கணக்கு முடிப்பது போதாதென்று, டிசம்பர் 31இல் இலக்கியத்துக்கும் கணக்கு முடிப்பார்.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினோரு மாதம் நம்மைப் போல் இருப்பார்கள். பன்னிரண்டாவது மாதத்தில் ஆண்டறிக்கையாராகிவிடுவார்கள். “என்ன படிச்சீங்க?” என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். “எத்தனை படிச்சீங்க?” என்று கேளுங்கள், மடை திறந்துவிடும். “புனைவு 31, அபுனைவு 21. ஆக மொத்தம் 52. வாரத்துக்கு ஒண்ணு சார்.” அபுனைவு என்று அவர் சொல்லும்போது எனக்கு ஏனோ அஜீரணம் ஞாபகத்துக்கு வரும்.

இதற்கென்று நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். வரிசை எண், நூல், ஆசிரியர், பக்கம், இனம், கருத்து என்று சிவப்பு மையில் கட்டம் போட்டது. போன டிசம்பர் 20ஆம் தேதி நோட்டோடு வந்து உட்கார்ந்தார். முகத்தில் வாராக்கடன் களை. “38லயே நிக்குது சார். செப்டம்பர் வரைக்கும் ஓட்டம் நல்லா இருந்துது. அதுக்கப்புறம் படுத்துடுச்சு.”

“ஏன், ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?”

“அப்படித்தான் வெச்சுக்கணும்” என்றார். எப்படி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பதினோரு நாளில் 14 புத்தகம். நாமாக இருந்தால் கையை விரித்திருப்போம். அவர் பேனாவைத் திறந்தார். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். ஒன்றாக எழுதியிருந்ததை ஐந்தாக்கினார். நாலு லாபம். திருக்குறளில் மூன்று பால் இருப்பது வள்ளுவர் இவருக்காகவே செய்த உபகாரம். அதில் இரண்டு லாபம். மிச்சத்துக்கு ஒல்லிப் புத்தகங்கள். சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ பல் தேய்த்துக் காப்பி வருவதற்குள் முடிந்துவிடும் அளவு. அதைப் பாராட்டி எழுதுகிற சாக்கில், நாலு டிசம்பராகக் காளையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருக்கிறார். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 26 நாவல் என்று நான் வாய் தவறிச் சொன்னேன். கண் மின்னியது. “அப்ப ஆறு மாசக் கணக்கு அதுலயே நேர் ஆயிடுமே!” பக்கம் எவ்வளவு என்றும் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார்.

எது புனைவு, எது அபுனைவு என்பதிலும் அவருக்குத் தனி வழி. “நான் படிச்சதுலயே உசத்தியான புனைவு, கடன் கேட்டு வர்றவங்க குடுக்கிற திட்ட அறிக்கைதான் சார். முதல் வருஷம் நஷ்டம், ரெண்டாம் வருஷம் சமன், மூணாம் வருஷம் லாபம். முதலாளி மாறுவார், தொழில் மாறும், கதை மாறாது.” அதை ஏன் நோட்டில் எழுதவில்லை என்றேன். “பாதியிலயே கையெழுத்துப் போட்டுடறோமே, முழுசா எங்க படிக்கிறோம்?”

பாதி என்றதும் உ. வே. சா.வின் ‘என் சரித்திரம்’ நினைவுக்கு வந்தது. அபுனைவில் 17ஆவது அது. “முடிச்சீங்களா?” என்றேன். அசரவில்லை. “1940ல விகடன்ல ஆரம்பிச்சார், 1942ல காலமாயிட்டார். 122 அத்தியாயத்தோட நின்னு போச்சு. எழுதினவரே முடிக்கல, நான் முடிக்கலேன்னா தப்பா?”

இத்தனைக்கும் அந்த நோட்டில் கருத்துக் கட்டம் மட்டும் பிரமாதமாக இருக்கும். தஸ்தயெவ்ஸ்கியின் ‘அசடன்’, எம். ஏ. சுசீலா மொழிபெயர்ப்பு. அதற்கு நேரே, ‘லட்ச ரூபிளை நெருப்பில் போடுகிறாள். அவள்தான் மனுஷி’ என்று எழுதியிருந்தது. ஒரு கடன் அதிகாரி பணத்தை எரித்தவளை மெச்சுகிறாரே என்று வியந்து புத்தகத்தை இரவல் வாங்கினேன்.

அங்கேதான் குட்டு உடைந்தது. முப்பதாம் பக்கத்தில் வங்கியின் பெயர் போட்ட அட்டை ஒன்று அடையாளமாக இருந்தது. அதன் பிறகு துப்பறிய நிறைய கிடைத்தது. நூறாம் பக்கத்தில் காலியான ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டை. இருநூற்றுச் சொச்சத்தில் ரேஷன் கடைச் சீட்டு. ஓரங்களில் விபூதி விரல் ரேகை. ரூபிள் எரிகிற பக்கத்தில் இரண்டு சீவல் துணுக்கு. மெல்ல மறந்து போய் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது நண்பர் வீட்டில் இல்லை. எழுபத்து நாலு வயது அம்மாதான் இருந்தார்.

“அசடன் எப்படிம்மா?”

“பாவம் தம்பி அந்தப் பிள்ளை. வைத்தியம் பாத்துட்டு ரயில்ல வந்து இறங்கறான், சூதுவாது தெரியல. ஊரே சேர்ந்து மறுபடி சீக்காளி ஆக்கிடுது. ஆனா அந்தப் பொண்ணு இருக்கே, கட்டா கட்டுப் பணம், தூக்கி நெருப்புல போடறா. அவதான் மனுஷி. நம்ம பையனுக்கு ராத்திரி சோறு போடும்போது சொன்னேன், இவன் ‘ஐயோ’ன்னு எழுந்துட்டான்.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொடர்கதைகளில் பழகிய கண். மகன் வாங்கி அடுக்குவதையெல்லாம் மத்தியானச் சீரியல் முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, இரவில் ரசத்தோடு கதையையும் ஊற்றுகிறார். மகன் கைகழுவிவிட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்று சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931லேயே விதி வகுத்துவிட்டார். பில் யார் பெயரில் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

“இப்ப என்னம்மா படிக்கிறீங்க?”

“எங்கே? செப்டம்பர்லேர்ந்து எழுத்தெல்லாம் புகை மூட்டமா இருக்கு. புரைங்கறாங்க.”

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. 1977இல் தொடங்கிய நாளிலிருந்து சென்னைக்காரர்களுக்கு அது இரண்டாவது பொங்கல். பத்து சதவீதக் கழிவு, தோளை இழுக்கும் பை, முகத்தை மறைக்கும் டெல்லி அப்பளம். அப்பளத்துக்குப் பின்னாலிருந்து நம் ஆண்டறிக்கையார் வெளிப்பட்டார். கையில் மருந்துக்கடை ரசீது. பின்பக்கம் நடுக்கமான எழுத்தில் பட்டியல். ‘தடியா இருந்தாத் தேவலை. எழுத்துப் பெரிசா இருக்கட்டும். பாதியிலே நிக்கிறது வேண்டாம்.’

“இந்த வருஷம் இலக்கு 60 சார்” என்றார்.

“போன வருஷமே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு ஆச்சே, முடியுமா?”

“தாராளமா முடியும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிடுச்சு.”